புருவ டாட்டூ: முதல் நாளிலிருந்து மூன்றாவது வருடம் வரை பராமரிப்பும், டச்-அப் போக வேண்டிய நேரமும்

மைக்ரோபிளேடிங், பவுடர் பிரோ, ஆம்ப்ரே, நானோ என்று பெயர் எதுவானாலும், புருவ டாட்டூ போட்டுக்கொண்ட பிறகு வருகிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்தாவது நாள் நிறம் காணாமல் போனதும் பதற்றம். ஆறு மாதம் கழித்துக் கொஞ்சம் மங்கியதும் ‘டச்-அப் போகலாமா’, அதாவது மறுபடி நிறம் ஏற்றிக்கொள்ளலாமா என்ற யோசனை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதை ‘ஐப்ரோ எம்ப்ராய்டரி’ என்பார்கள். அங்கும் இதே சந்தேகங்கள்தான். முதல் நாள் என்ன செய்ய வேண்டும், கலைஞரிடம் எப்போது திரும்பப் போக வேண்டும், எப்போது போகவே கூடாது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புருவ டாட்டூவைக் கெடுப்பதில் அலட்சியத்தைவிட அவசரத்துக்குத்தான் பெரிய பங்கு என்பது என் திடமான கருத்து. ஒவ்வொரு டச்-அப்பும் தோலுக்கு ஒரு புதிய காயம். தேவையில்லாமல் ஏற்படுத்திய காயங்களைத் தோல் மறப்பதில்லை. சில வருடங்களில் அந்த இடம் தடித்து, நிறம் சாம்பலாகி, முடிபோல வரைந்த கீற்றுகள் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். அந்த நிலைக்குப் போன புருவத்தை மறுபடி குத்திச் சரிசெய்ய முடியாது.

தோலுக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா விதிகளும் தானாகவே விளங்கும்.

நம் மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. வயது ஏற ஏற இது மெதுவாகும். அதனால் மேல்தோலில் மட்டும் தங்கிய நிறமி, செதிலோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். நிற்க வேண்டுமென்றால் அதற்குக் கீழே உள்ள உள்தோலின் மேற்பகுதிக்கு அது போய்ச் சேர வேண்டும். அதையும் தாண்டி ஆழமாகப் போனால் இரண்டு சிக்கல்கள் வரும்: நிறமி பரவி ஓரங்கள் மங்கலாகும், நிறமும் நீலமாகவோ சாம்பலாகவோ தெரியும். பாட்டிமார் கைகளில் இருந்த பழைய பச்சை ஏன் கறுப்பாக இல்லாமல் நீலப்பச்சையாகத் தெரிந்தது என்று யோசித்திருப்பீர்கள். குத்தியது கரிதான். ஆழத்தில் இருக்கும் கரியைத் தோலின் வழியாகப் பார்க்கும்போது ஒளி சிதறி அப்படித் தெரிகிறது. புருவத்துக்கும் அதே இயற்பியல்தான்.

உள்தோலில் நிறமி சும்மா கிடப்பதில்லை. மேக்ரோபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த உயிரணு இறந்தால் நிறமி வெளியே வரும். புதிதாக வரும் மேக்ரோபேஜ் அதை மறுபடி விழுங்கிக்கொள்ளும். பிரான்ஸில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் இதைக் காட்டியது. இந்தக் கைமாற்றத்தின்போது கொஞ்சம் கொஞ்சமாக நிறமி நிணநீர் வழியே கழிந்துபோகலாம். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இன்னொரு பக்கம் நிறமியைச் சிதைக்கின்றன. உடம்பில் போடும் டாட்டூவைவிடப் புருவ டாட்டூ சீக்கிரம் மங்குவதற்குக் காரணம், மென்மையான நிறமியை அதிக ஆழமில்லாமல் வைப்பதும், முகம் எப்போதும் வெயிலில் இருப்பதும்தான். ஆக, மங்குவது குறையல்ல. வயதோடு முக அமைப்பும் முடியின் நிறமும் மாறும்போது, புருவத்தையும் மாற்றிக்கொள்ள அதுதான் வழிவிடுகிறது.

முதல் 14 நாட்கள்

மொத்தப் பராமரிப்பில் பாதி இந்த இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். இங்கே நிதானமாகப் படியுங்கள்.

முதல் நாள். வேலை முடிந்த சில மணி நேரத்துக்குத் தெளிவான நீரும் லேசான ரத்தமும் கசியும். அதை அப்படியே காயவிட்டால் தடித்த பொருக்கு கட்டும்; பொருக்கு உதிரும்போது நிறமியையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் கலைஞர் சொன்ன இடைவெளியில், மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்டெரைல் சலைனிலோ (கிருமி நீக்கிய உப்புநீர்) காய்ச்சி ஆறவைத்த தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்த சுத்தமான காஸ் துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். ஒற்றுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குழாய்த் தண்ணீர் ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். சுவிட்சர்லாந்தில் ஒரே கலைஞரிடம் புருவ நிரந்தர மேக்கப் போட்டுக்கொண்ட 12 பேருக்கு மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமித் தொற்று வந்தது பற்றி 2011-ல் மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. புருவத்தில் கட்டிகள் வந்தன. பலருக்குக் கழுத்து நிணநீர்க் கணுக்களும் வீங்கின. இந்த வகைக் கிருமிகள் தண்ணீரில் வாழக்கூடியவை. சாதாரண சீழ்த்தொற்றுபோல ஒரு வாரம் மாத்திரை போட்டால் போய்விடுகிற விஷயமும் அல்ல. பார்லரில் நிறமியில் கலக்கவோ துடைக்கவோ என்ன தண்ணீர் பயன்படுத்துகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஊசி புதிதா, உங்கள் கண்முன் உறையைப் பிரித்தார்களா என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது, மூன்றாவது நாள். புருவம் நீங்கள் கேட்டதைவிட ரொம்பக் கறுப்பாக, ரொம்பத் தடிமனாகத் தெரியும். கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேல்தோலில் நிற்கும் உபரி நிறமியும் லேசான வீக்கமும் சேர்ந்து காட்டும் தோற்றம் அது. காலை ஒருமுறை, இரவு ஒருமுறை வாசனையில்லாத மென்மையான கிளென்சரை நுரைத்து, விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் கழுவி, டிஷ்யூவால் ஒற்றி உலர்த்துங்கள். முகத்தின் மற்ற பகுதியைத் தனியாகக் கழுவிக்கொள்ளலாம்.

களிம்பு விஷயத்தில் கலைஞர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. மெல்லிய களிம்பு போட்டு ஈரமாக ஆறவிடச் சொல்பவர்கள் ஒரு பக்கம். எதுவும் போடாமல் உலர்வாக ஆறட்டும் என்பவர்கள் மறுபக்கம். எண்ணெய்ப்பசை அதிகமுள்ள தோலுக்கு உலர் முறையும், வறண்ட தோலுக்கு மெல்லிய களிம்பும் பொருந்தும் என்பது பொதுவான அனுபவம். உங்கள் தோலைத் தொட்டு வேலை செய்தவர் சொன்னதையே பின்பற்றுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். களிம்பு என்றால் ஒரு புருவத்துக்கு ஓர் அரிசி அளவு போதும். பளபளவென்று தெரிந்தால் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள், ஒற்றி எடுத்துவிடுங்கள். ஆன்டிபயாடிக் களிம்பை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் நியோமைசின் பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். தொற்று இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

நான்காவது நாளிலிருந்து பத்தாவது நாள் வரை. செதில் உதிரும், அரிக்கும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான புருவங்களில் ஓட்டை விழுகிறது. பாதி தொங்கிக்கொண்டிருக்கும் செதிலை இழுத்தால், இன்னும் ஆறாத இடத்திலிருந்து நிறமியும் கிளம்பி வரும். சில சமயம் தழும்பும் மிஞ்சும். அரித்தால் புருவத்துக்கு மேலே நெற்றியில் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். இரவில் தூக்கத்தில் சொறிகிற பழக்கம் இருந்தால் நகத்தை வெட்டிக்கொண்டு படுங்கள். குப்புறப் படுக்காதீர்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள்.

இந்த நாட்களில் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கும் சில விஷயங்களுக்கு விடுமுறை கொடுக்க வேண்டியிருக்கும். எண்ணெய்க் குளியல் வேண்டாம். தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, தண்ணீர் முகத்தில் வழியாமல் குளியுங்கள். சளி பிடித்தால் ஆவி பிடிக்காதீர்கள். இட்லிப் பானையைத் திறக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மஞ்சள் கிருமிநாசினிதானே என்று அரைத்துப் பூச வேண்டாம். சமையலறை மஞ்சள்தூள் ஸ்டெரைல் கிடையாது, அதோடு திறந்த காயத்தில் கறையும் பிடிக்கும். தொட்டியில் இருக்கும் கற்றாழையை வெட்டித் தடவுவதும் இதே கதைதான். விபூதி, சந்தனம், குங்குமம் வைப்பவர்கள் புருவத்தில் உதிராத அளவுக்குச் சிறியதாக வைக்கலாம். முடிந்தால் சில நாள் தவிர்ப்பது நல்லது. ஹெல்மெட் போடுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், உயிர் முக்கியம். ஆனால் அதன் உட்பக்கத் துணி புருவத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் அந்த ஒரு வாரம் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய்விடுங்கள். ஜிம், நீச்சல், கடல் குளியல் எல்லாம் பத்து நாளைக்கு மேல் தள்ளிப்போடுங்கள். வியர்வையும் உப்பும் ஆறாத தோலில் எரிச்சல் தருவதோடு நிறமியையும் இளக்கிவிடும்.

செதில் முழுவதும் உதிரும்வரை புருவத்தில் சன்ஸ்கிரீனும் மேக்கப்பும் கூடாது. அதுவரை குடையோ அகலமான தொப்பியோதான் பாதுகாப்பு.

எதற்குப் பயப்பட வேண்டும்? லேசான சிவப்பு, வீக்கம், எரிச்சல் எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்றாவது நாளுக்குப் பிறகு வலியோ சிவப்போ கூடினால், தொட்டால் சூடாக இருந்தால், மஞ்சள் நிறத்தில் சீழோ தடித்த பொருக்கோ வந்தால், இமை வீங்கினால், காய்ச்சல் அடித்தால், பார்லருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் காத்திருக்காமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

நிறம் காணாமல் போகும் வாரங்கள்

ஏறக்குறைய இரண்டாவது வாரத்தில், செதிலெல்லாம் உதிர்ந்த பிறகு, புருவம் வெளிறிப்போய்த் தெரியும். சிலருக்குக் காசு வீணாகிவிட்டது என்றே தோன்றும். நடப்பது இதுதான்: நிறமியின் மேல் புதிதாக வளர்ந்த தோல் இன்னும் முதிரவில்லை, பால்போல மங்கலாக நின்று அடியிலுள்ள நிறத்தை மறைக்கிறது. அது முதிர்ந்து தெளியத் தெளிய நிறம் மேலே வரும். நான்காவது வாரத்தில் கணிசமாகத் திரும்பியிருக்கும். உண்மையான நிறத்தைப் பார்க்க ஆறு வாரம் ஆகும்.

எனவே மூன்றாவது வாரம் போன் செய்து ‘இன்னொரு முறை போட்டுவிடுங்கள்’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. அப்படிக் கேட்டதும் ‘வாங்க, போட்டுடலாம்’ என்று சொல்கிற கலைஞரிடம் நான் போக மாட்டேன்.

முதல் டச்-அப்: ஆறு முதல் எட்டு வாரம்

இது தனியாகச் செய்கிற புதுப்பிப்பு அல்ல. முதல் வேலையின் இரண்டாம் பாதி. பெரும்பாலான இடங்களில் முதல் கட்டணத்திலேயே இதுவும் சேர்ந்திருக்கும். இல்லையென்றால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல கலைஞர் முதல் தடவை வேண்டுமென்றே கொஞ்சம் இளநிறமாக, கொஞ்சம் மெல்லியதாகத்தான் வைப்பார். கூட்டுவது எளிது, குறைப்பது கடினம். உங்கள் தோல் எங்கே நிறமியைப் பிடித்தது, எங்கே துப்பியது என்பதைப் பார்த்து இரண்டாவது முறை நிரப்புவார்.

ஆறு வாரத்துக்கு முன் போகாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், காயம் மெதுவாக ஆறுபவர்களும் எட்டு வாரம் பொறுக்கட்டும். பத்து, பன்னிரண்டு வாரம் ஆனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

போவதற்கு முன் வீட்டில் இந்த வேலையைச் செய்யுங்கள்: காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக நின்று, மேக்கப் இல்லாமல், ஃபில்டர் இல்லாமல், நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் படம் எடுங்கள். எந்த இடத்தில் ஓட்டை, எந்த வால் பகுதி மங்கல் என்று குறித்துக்கொண்டு போனால், கலைஞர் முழுப் புருவத்தையும் மறுபடி குத்தாமல் தேவையான இடத்தை மட்டும் தொடுவார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்களுக்கும் அவருக்கும் தோன்றினால், காசு கட்டியிருந்தாலும் அந்தத் தடவை விட்டுவிடலாம். டச்-அப் முடிந்த பிறகு மறுபடி அதே 14 நாள் பராமரிப்பு.

அதன்பிறகு தினசரி

வெயில்தான் முதல் எதிரி. தமிழ்நாட்டில் கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டி ‘மிகக் கடுமை’ வகைக்குள் போவது சகஜம். காருக்குள் இருந்தாலும் யு.வி.ஏ. கதிர்கள் பக்கக் கண்ணாடி வழியே வரும். எனவே எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைப் புருவத்தின் மேலும் சேர்த்துப் போடுங்கள். முகமெல்லாம் போட்டுவிட்டுப் புருவத்தை மட்டும் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். முடியில் வெள்ளை ஒட்டுகிறது என்றால் ஸ்டிக் வடிவில் வருவதை வாங்குங்கள்.

இரண்டாவது எதிரி உங்கள் குளியலறை அலமாரியிலேயே இருக்கிறது. ரெட்டினால், ட்ரெட்டினாயின், கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் ஆகியவை மேல்தோல் புதுப்பிப்பை வேகப்படுத்துபவை. முகப்பருவுக்கோ கரும்புள்ளிக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நிறுத்த வேண்டியதில்லை. புருவத்தைச் சுற்றி ஒரு விரற்கடை இடம் விட்டுப் போடுங்கள். இரவில் க்ரீம் பரவும் என்பதால், போடுவதற்கு முன் புருவத்தின் மேல் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிட்டால் அது தடுப்பாக நிற்கும். ‘ஒயிட்டனிங்’, ‘பிரைட்டனிங்’ என்று வரும் க்ரீம்களையும் ஸ்க்ரப்பையும் புருவத்துக்குக் கொண்டு போகவே வேண்டாம்.

பார்லர் விஷயத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. த்ரெடிங், வேக்சிங் எல்லாம் முழுவதும் ஆறிய பிறகு, நான்கு வாரத்துக்கு மேல் செய்யலாம். டாட்டூவின் எல்லைக்கு வெளியே வளரும் முடியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், உருவத்தை அவர்கள் மாற்ற வேண்டியதில்லை. ஃபேஷியலுக்கும் குறைந்தது நான்கு வாரம். கெமிக்கல் பீல், ப்ளீச் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் ‘புருவத்தில் டாட்டூ இருக்கிறது, தொடாதீர்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முக லேசரும் லேசர் முடி நீக்கமும் இதில் மிக முக்கியம். சில நிறமிகளில் இருக்கும் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் லேசர் பட்டதும் சட்டென்று கறுத்துவிடக்கூடும்.

வருடாந்திர டச்-அப் எப்போது

‘வருடம் ஒருமுறை’ என்பது விளம்பர வரி. பொதுவான அளவுகள் இவை: கையால் கீறிப் போடும் மைக்ரோபிளேடிங் 12 முதல் 18 மாதம், மெஷினால் புள்ளிபுள்ளியாகப் போடும் பவுடர் பிரோ 18 முதல் 24 மாதம், சிலருக்கு மூன்று வருடம் வரை. எண்ணெய்ப்பசைத் தோலில் மைக்ரோபிளேடிங் கீற்றுகள் எட்டு, பத்து மாதத்திலேயே மங்கிப் பரவிவிடலாம். நம் வெக்கையில் நெற்றி எப்போதும் பிசுபிசுப்பாக இருப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே பவுடர் முறைதான் பொருத்தம் என்பது என் கருத்து. தினமும் வெயிலில் வேலை, அடிக்கடி நீச்சல், முகத்துக்கு அமில சீரம் என்று இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

ஆனால் முடிவெடுக்க மாதத்தை எண்ணாதீர்கள். ஆறு வாரத்தில் எடுத்த படத்தை எடுத்து வைத்து, இன்று அதே ஜன்னல் ஓரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள்.

உருவம் அப்படியே இருந்து, நிறம் பாதி அளவுக்கு இறங்கியிருந்தால் அதுதான் டச்-அப்புக்குச் சரியான நேரம். பழைய எல்லை தெரிவதால் புதிதாக வரைய வேண்டியதில்லை. நிறமி ஏராளமாக மிச்சம் இல்லாததால் மேலே போடும் நிறம் அடர்ந்து மொத்தையாகவும் ஆகாது.

முக்கால்வாசி நிறம் இன்னும் இருக்கிறது, சும்மா ‘ஃப்ரெஷ்’ ஆக இருக்கட்டும் என்று போகிறீர்களா? போகாதீர்கள். இப்படி அடிக்கடி ஏற்றிய நிறமிதான் சில வருடத்தில் கெட்டியான கட்டையாக, சாம்பல் நிறத்தில் உறைந்து நிற்கும். ஒரு விசேஷத்துக்குக் கொஞ்சம் அடர்த்தி வேண்டுமென்றால் ஐப்ரோ பென்சில் போதும்.

கால்வாசிகூட இல்லை, எல்லையே தெரியவில்லை என்றால் அது டச்-அப் அல்ல, புது வேலை. கட்டணமும் இரண்டு அமர்வுகளும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதற்காக வருந்த வேண்டியதில்லை. தோல் நன்றாக ஓய்வெடுத்திருக்கிறது, உருவத்தையும் புதிதாக யோசிக்கலாம்.

நிறத்தைவிடத் தோல் முக்கியம். விரலால் புருவத்தின் மேல் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாக, தடிப்பாக, அல்லது மினுமினுப்பாக இருந்தால் அங்கே தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது. தழும்புத் தோல் நிறமியைச் சரியாகப் பிடிக்காது. அதன் மேல் மறுபடி கீறுவது தழும்பைக் கூட்டும். இப்படிப்பட்ட தோலில் மைக்ரோபிளேடிங்கை விட்டுவிட்டு, வேண்டுமானால் மென்மையான மெஷின் முறைக்கு மாறுவதுதான் வழி. என்னைக் கேட்டால், மைக்ரோபிளேடிங் கீற்றுகளை ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்காமல், அப்புறம் பவுடருக்கு மாறிவிடுவது எல்லாத் தோலுக்கும் நல்லது.

பருவத்தையும் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் போட்டால் ஆறும் இரண்டு வாரமும் வியர்வையோடு போராட்டம். மார்கழி, தை, மாசி நம் ஊருக்கு வசதியான மாதங்கள்.

கல்யாணப் பெண்கள் கணக்கை இப்படிப் போடட்டும்: முதல் அமர்வு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டச்-அப், அது ஆறி நிறம் தெளிய இன்னொரு நான்கு முதல் ஆறு வாரம். ஆக, முகூர்த்தத்துக்கு நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். நலங்கு வைக்கும்போது மஞ்சளும் சந்தனமும் முகத்தில் ஏறும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், கல்யாணம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

நிறம் மாறிவிட்டால்

வெறுமனே மங்காமல் நிறமே மாறுவது தனிப் பிரச்சினை. இரும்பு ஆக்சைடு நிறமிகளில் பழுப்பு என்பது கறுப்பும் சிவப்பும் மஞ்சளும் கலந்த கலவை. மற்றவை முன்னதாக மங்கி, சிவப்பு கடைசியில் தங்கினால் புருவம் செங்கல் நிறத்துக்குப் போகும். கார்பன் கறுப்பு அடிப்படையிலான நிறமியில் இதற்கு நேர்மாறு: சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்கள் போய், கரி மட்டும் மிஞ்சி, நீலச் சாம்பலாகத் தெரியும்.

இரண்டையுமே நிறத் திருத்தத்தால் ஓரளவு சமன்படுத்தலாம். சிவப்பேறியதற்குப் பச்சைச் சாயல் கொண்ட பழுப்பு; நீலமேறியதற்கு ஆரஞ்சுச் சாயல். நிறமி அடர்த்தி குறைவாக இருக்கும்போதுதான் இது வேலை செய்யும். ஏற்கெனவே அடர்த்தியாக இருக்கும் நீலத்தின் மேல் ஆரஞ்சைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சேறுபோல ஆகிவிடும். அப்போது குறைப்பதுதான் முதல் வேலை. நம்மைப்போன்ற மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர்தான் மற்ற அலைநீளங்களைவிடப் பாதுகாப்பானது. தோல் மருத்துவர் ஓரத்தில் சின்னப் புள்ளியில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும், மேலே சொன்ன திடீர் கறுப்பு இங்கேயும் வரலாம். அமர்வுகளுக்கு இடையே ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விட வேண்டும். உப்புக் கரைசலை வைத்து நிறமியை இழுக்கும் முறையும் இருக்கிறது. அதுவும் காயம்தான், அதற்கும் இதே இடைவெளி. பார்லரில் பெயர் தெரியாத அமிலத்தை வைத்து ‘ஒரே சிட்டிங்கில் எடுத்துத் தருகிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாநிறத் தோலுக்கு ஒரு தனி எச்சரிக்கை: காயம் ஆறும்போது அந்த இடம் கறுத்துப்போகும் வாய்ப்பு நமக்கு அதிகம். புருவத்தைச் சுற்றி நிழல்போலத் தெரிவது நிறமி பரவியதா, தோல் கறுத்ததா என்று பிரித்துப் பார்க்காமல் யாரும் அதன் மேல் கை வைக்கக் கூடாது.

எப்போது தள்ளிப்போட வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும்

கர்ப்பமாக இருக்கும்போது முதல் அமர்வும் வேண்டாம், டச்-அப்பும் வேண்டாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறுத்தி ஆறு மாதமாவது ஆகட்டும். ஒரு வருடம் கேட்கும் கலைஞர்களும் உண்டு, அவர்கள் கேட்பது நியாயம்தான். நெற்றியில் போடாக்ஸ் போட்டிருந்தால் புருவத்தின் உயரம் மாறும் என்பதால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் கீலாய்டுத் தழும்பு வருபவர்கள், சோரியாசிஸ் போன்ற தோல் நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாட்டூவுக்காகத் தாங்களாகவே அதை நிறுத்தவே கூடாது. கீமோதெரபியில் புருவம் உதிரும் என்று முன்கூட்டியே டாட்டூ போட நினைப்பவர்கள், தேதியைப் புற்றுநோய் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சின்னத் தொற்றும் ஆபத்து.

பல மாதம் கழித்துக்கூட, டாட்டூ போட்ட இடம் மட்டும் தடித்து அரித்தால் அது நிறமிக்கு ஒவ்வாமையாக இருக்கலாம். அந்த நிலையில் டச்-அப் கூடவே கூடாது. நிறமியின் மேல் சின்னச் சின்ன முடிச்சுகள் வந்தால் தோல் மருத்துவர் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். சார்க்காய்டோசிஸ் என்ற உள்நோய் சிலருக்கு இப்படித்தான் முதலில் வெளியே தெரியும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும்போது புருவ டாட்டூ இருப்பதைச் சொல்லுங்கள். இரும்பு ஆக்சைடு இருப்பதால் அரிதாக வீக்கமோ எரிச்சலோ வரலாம். அதற்காக ஸ்கேனைத் தவிர்க்க வேண்டியதில்லை. இந்தியாவில் டாட்டூ போட்டபின் 12 மாதம் ரத்த தானம் செய்யக்கூடாது என்பது விதி, புருவ டாட்டூவும் இதில் சேரும். ஒவ்வொரு டச்-அப்பும் அந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். தவறாமல் ரத்தம் கொடுப்பவர்கள் இதையும் மனதில் வைத்து நாள் குறிக்கலாம்.

கடைசியாகக் கையில் வைத்திருக்க வேண்டியது

ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தேதி, எந்த முறை, நிறமியின் பிராண்டு, நிறத்தின் பெயர், பாட்டிலில் உள்ள பேட்ச் எண், காலாவதித் தேதி, மரத்துப்போகப் போட்ட க்ரீமின் பெயர். பாட்டில் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டாலே போதும். அடுத்த டச்-அப்புக்கு வேறு ஊரில் வேறு கலைஞரிடம் போக வேண்டி வந்தால், அடியில் இருப்பது இரும்பு ஆக்சைடா கார்பனா என்று தெரிந்துதான் அவர் மேலே என்ன போடலாம் என்று முடிவெடுப்பார். ஒவ்வாமை வந்தாலும் லேசர் செய்தாலும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். லேபிளைக் காட்ட மறுக்கிற இடத்தில், மரத்துப்போகும் க்ரீம் தடவுவதற்கு முன்பே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம்.